விஞ்ஞானி மேடையேறினால் அது நாடகமா, சொற்பொழிவா?

கேள்வி இது: "காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் விஞ்ஞானி ஒருவரை நாயகராக வைத்து ஒன்றரை மணி நேர நாடகம் எழுதியிருக்கிறோம். படித்த நண்பர்கள் எல்லாரும் பாடம் நடத்துவதுபோல இருக்கிறது என்கிறார்கள். வெளிநாடுகளில் இப்படி நாடகங்கள் வந்திருக்கின்றனவா? அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கடைசிக் காட்சியில் மேடையில் வெள்ளம் வருவதாக வைத்திருக்கிறோம், அது சரியா?"

வந்திருக்கின்றன. குறிப்பாக லண்டனில் 2009-இலிருந்து வரிசையாக வந்தன. நான் அவற்றை மேடையில் பார்த்தவன் அல்ல, பிரதியாகப் படித்தவன். அதனால் நடிப்பைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நண்பர்களோடு எனக்கு ஒரு சிறு வழக்கு இருக்கிறது. 'பாடம் நடத்துகிறார்' என்பது அப்படியொன்றும் பெரிய குறை அல்ல. உபன்யாசகர் ஒருவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் மூன்று மணி நேரம் பேச, ஊர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன வழக்கம் நமக்கு உண்டு. ஒருவர் உட்கார்ந்து பேசினால் அது நாடகமாகாது என்று நாமே சொல்லக் கூடாது.

லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 2014 நவம்பரில் நடந்த '2071' அப்படிப்பட்டதுதான். மேடையில் ஒரு நாற்காலி. அதில் கிறிஸ் ராப்லி. நடிகர் அல்ல, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் காலநிலை அறிவியல் பேராசிரியர். அதற்கு முன் பிரிட்டனின் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்துக்கும், பிறகு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் இயக்குநராக இருந்தவர். நாடக ஆசிரியர் டங்கன் மேக்மில்லனும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். இயக்கியவர் கேட்டி மிட்செல். ராப்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்காமல் பேசினார். பின்னால் திரையில் கருப்பு வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் நகர்ந்துகொண்டிருந்தன. சண்டையில்லை, காதலில்லை, அழுகையில்லை.

தலைப்பில் மட்டும் ஒரு குடும்பக் கணக்கு ஒளிந்திருக்கிறது. அப்போது ராப்லிக்கு வயது 67. அவருடைய மூத்த பேரப்பிள்ளை அந்த வயதைத் தொடும் ஆண்டு 2071. இந்த ஒரு கணக்கு இல்லையென்றால் அந்த உரை அரங்கத்துக்கு வெளியே எந்தக் கருத்தரங்கிலும் நடந்திருக்கலாம். கணக்கைச் சொன்ன பிறகு அவர் அடுக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு குழந்தையின் தலைக்கு மேல் நிற்கிறது. அண்டார்க்டிகாவில் துளைத்தெடுத்த பனித் தண்டுகளில் 8,00,000 ஆண்டுக் காற்று குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அத்தனை காலமும் கரியமில வாயுவின் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியது. நாடகம் நடந்தபோது அது 400 வாக்கில் இருந்தது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் செய்தி. பேரப்பிள்ளை வைத்திருக்கும் ஒருவர் வாயிலிருந்து வரும்போது அது செய்தியாக மட்டும் நிற்பதில்லை.

ஆனாலும் ராப்லி குரலை உயர்த்தவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மறுத்தார். அறிவியல் தகவல் தரும், தீர்ப்பு சொல்லாது என்பது அவர் நிலை. இது நாடகமே அல்ல என்றவர்களும் உண்டு, இதுதான் நாடகம் என்றவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி, ஒரு மனக்குறையோடு. வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போட ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர் இடையிடையே கேட்கிற அசட்டுக் கேள்விகள்தான் கதையை நம் பக்கம் இழுத்துவரும். '2071'-இல் அந்த ஆள் இல்லை.

இதே அரங்கின் மாடியில், இதே இயக்குநர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 2012-இல் 'டென் பில்லியன்' என்ற நிகழ்வைச் செய்திருந்தார். அங்கே பேசியவர் ஸ்டீபன் எமட் என்ற விஞ்ஞானி. கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடத்தில் கணினிவழி அறிவியல் பிரிவின் அப்போதைய தலைவர். அவருடைய அலுவலக அறையை அப்படியே மேடையில் கட்டினார்கள். மக்கள்தொகை, உணவு, தண்ணீர், வெப்பம் என்று அடுக்கிக்கொண்டே போய், நாம் தொலைந்தோம் என்று அச்சில் போட முடியாத சொல்லால் முடித்தார். வரப்போவதை எதிர்கொள்ள ஒரே ஒரு காரியம் செய்யலாமென்றால் என்ன செய்வாய் என்று அவர் தன் ஆய்வுக்கூட இளைஞர் ஒருவரைக் கேட்டாராம். என் மகனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன் என்பது பதில். பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. எனக்கு அது கொஞ்சம் மலிவான அடியாகப் படுகிறது. பயமுறுத்துவது எளிது. பயந்தவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் இங்கேயும் கவனியுங்கள், நினைவில் நின்றது எண் அல்ல, ஒரு தகப்பன் சொன்ன வாக்கியம்.

இனி உங்கள் நாடகத்துக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய இடத்துக்கு வருகிறேன். விஞ்ஞானி என்ற பாத்திரத்திடம் நாடகத்துக்கு உரிய சிக்கல் எது? பலரும் நினைப்பது 'உண்மை தெரிந்தவன், உலகம் கேட்கவில்லை' என்ற சோகத்தை. அது புலம்பல்தான் ஆகும். சிக்கல் அவருடைய நாக்கில் இருக்கிறது. விஞ்ஞானி பேசப் பழகிய மொழியில் 'ஆம்', 'இல்லை' இரண்டும் அபூர்வம். 'இருக்கலாம்', 'பெரும்பாலும்', 'இத்தனை விழுக்காடு உறுதியோடு' என்பவைதான் அவர் சொற்கள். அவரிடம் கேள்வி கேட்பவர்களுக்கோ ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும்.

உலக அரசுகள் சேர்ந்து நடத்தும் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. இந்தத் தயக்கத்துக்கு அளவுகோலே வைத்திருக்கிறது. 'நிகழக்கூடும்' என்று எழுதினால் குறைந்தது 66 விழுக்காடு, 'மிகவும் நிகழக்கூடும்' என்றால் 90, இன்னும் அழுத்தினால் 95. மனிதர்களால்தான் பூமி சூடாகிறது என்பதை அந்தக் குழு 1995-இல் 'கண்டறியத்தக்க தாக்கம் தெரிகிறது' என்று எழுதியது. 2001-இல் 66 விழுக்காட்டுச் சொல், 2007-இல் 90, 2013-இல் 95, 2021-இல் 'ஐயத்துக்கு இடமில்லை'. ஒரே வாக்கியம், ஐந்து அறிக்கைகள், 26 ஆண்டுகள். மாறியதெல்லாம் உறுதியைக் காட்டும் அந்த ஒரு சொல்தான். நான் ஐந்து அங்க நாடகம் எழுதுவதாக இருந்தால் ஒவ்வொரு அங்கத்துக்கும் அந்தச் சொல்லையே தலைப்பாக வைப்பேன்.

முதல் அங்கத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது: மாட்ரிட் நகரம், 1995 நவம்பர். மனிதத் தாக்கத்துக்கு என்ன அடைமொழி போடுவது என்று அரசுப் பிரதிநிதிகளும் விஞ்ஞானிகளும் இரவு வரை மல்லுக்கட்டினார்கள். சவூதி அரேபியாவும் குவைத்தும் ஒவ்வொரு சொல்லாகத் தடுத்தன. ஏறத்தாழ 28 சொற்களை முயன்று பார்த்ததாக அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை எழுதும் பொறுப்பில் இருந்தவர் பென் சாண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மறு ஆண்டு அவர் அறிக்கையைத் திருத்திவிட்டார் என்று பெரிய செய்தித்தாளில் குற்றச்சாட்டு வந்தது. வீட்டு வாசலில் செத்த எலியைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பெயரெச்சத்துக்காகச் செத்த எலி! கற்பனையில் எழுதினால் மிகை என்று நாமே அடித்துவிடுவோம்.

இந்த மாட்ரிட் காட்சி 2024-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி அரங்கேற்றிய 'கியோட்டோ'வில் வருகிறது. ஜோ மர்ஃபி, ஜோ ராபர்ட்சன் இருவரும் எழுதியது. அதில் விஞ்ஞானி நாயகர் அல்ல. எண்ணெய்த் தரப்புக்காக மாநாடு மாநாடாகப் போய் ஒப்பந்தங்களைக் குலைத்த டான் பேர்ல்மன் என்ற வழக்கறிஞர்தான் கதை சொல்லி. நம் கூத்தில் கட்டியக்காரன் நம்மிடம் கண்ணடித்துப் பேசுவானே, அப்படிப் பேசி நம்மைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். பார்வையாளர்களுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளைப்போலக் கழுத்து அட்டை கொடுத்திருந்தார்கள். எதிராளியிடம் மைக்கைக் கொடுத்துவிட்டால் பாடம் நடத்துகிற வாடையே வராது. உங்கள் பிரதியில் எதிராளி ஒருவர் இருக்கிறாரா? அவருக்கு நல்ல வசனம் கொடுத்திருக்கிறீர்களா?

எனக்கு மிகப் பிடித்தது ஸ்டீவ் வாட்டர்ஸ் எழுதி, லண்டன் புஷ் அரங்கில் 2009-இல் மேடையேறிய 'தி கன்டிஜென்சி பிளான்'. அது ஒன்றல்ல, இரண்டு நாடகங்கள். முதலாவது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஒரு வீட்டில் நடக்கிறது. இரண்டாவது லண்டனில் அமைச்சர்களின் அலுவலகத்தில். வில் பாக்ஸ்டன் என்ற இளம் பனியியல் அறிஞன் அண்டார்க்டிகாவிலிருந்து திரும்பி வருகிறான். மேற்கு அண்டார்க்டிகப் பனிப்படலம் யாரும் நினைப்பதைவிட வேகமாகச் சரியும் என்பது அவன் கணக்கு. அரசின் ஆலோசகராகச் சேரப்போவதாகப் பெற்றோரிடம் சொல்கிறான். அப்பா ராபினும் அந்தக் காலத்துப் பனியியல் அறிஞர். பல ஆண்டுகளுக்கு முன் இதே ஆபத்தைக் கண்டு, அது அமுக்கப்பட்டு, வேலையை உதறிவிட்டுக் கடற்கரையில் ஒதுங்கியவர். அமுக்கியதில் பங்குள்ள பழைய சகா இன்று அரசின் தலைமை விஞ்ஞானி. மகன் போய்ச் சேர வேண்டியது அந்த மனிதரிடம்தான்.

பாருங்கள், அறிவியல் விவாதம் முழுவதும் எப்படி உறவுச் சண்டைக்குள் இறங்கிவிட்டது! பனி எவ்வளவு வேகமாக உருகும் என்ற கேள்வி, 'அப்பா ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தார்' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. இரண்டாம் நாடகத்தில் புயல் அலை கிழக்குக் கரையை நோக்கி வருகிறது. எத்தனை பேரை, எப்போது வெளியேற்றுவது? அமைச்சருக்கு ஓர் எண் வேண்டும், இன்றிரவே வேண்டும். விஞ்ஞானியிடம் இருப்பதோ 'இருக்கலாம்'. நூற்றாண்டுக் கணக்கில் நகரும் ஒரு விஷயத்தை ஓர் இரவுக்குள் மடக்கிவிட்டார் வாட்டர்ஸ். அந்தக் கரையில் பார்வையாளர்களுக்குப் பழைய காயமும் உண்டு. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியதில் இங்கிலாந்தில் 307 பேர், நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள்.

ராபின் கற்பனைப் பாத்திரம். அவருக்கு உண்மையில் ஒரு முன்னோடி இருந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு நாடகம் இன்னும் கனக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் மெர்சர், 1978-இல் 'நேச்சர்' இதழில், கரியமில வாயு இப்படியே கூடினால் மேற்கு அண்டார்க்டிகப் பனிப்படலம் குலையும், கடல்மட்டம் 5 மீட்டர் உயரக்கூடும் என்று எழுதினார். பேரழிவு அபாயம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டார். மிகை என்று பலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அந்தப் பழைய சர்ச்சையை நினைவுகூர்ந்து, அப்போது அடக்கி வாசித்தவர்கள்தான் அதிகம் நம்பத் தகுந்தவர்களாகத் தோன்றினார்கள் என்ற பொருளில் சொல்கிறார். அதே பனிப்படலத்தைப் பற்றி '2071' ராப்லியும் 2005-இல் ஒரு மாநாட்டில் பேசியிருக்கிறார். தூங்கும் ராட்சதன் என்று சொல்லிவந்தோம், இப்போது விழித்துக்கொண்டான் என்றார். நமக்கு உடனே கும்பகர்ணன் நினைவு வரும். 2014 மே மாதம், ராப்லி மேடையேற ஆறு மாதம் இருக்கும்போது, அங்கே சில பனியாறுகளின் பின்வாங்கல் இனி நிறுத்த முடியாததாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் வெளிவந்தன. மெர்சரின் கட்டுரைக்கு 36 ஆண்டுகள் கழித்து.

எதிர்த்திசையிலும் ஒரு நாடகம் உண்டு. ரிச்சர்ட் பீன் எழுதிய 'தி ஹெரடிக்', 2011, மீண்டும் ராயல் கோர்ட். நாயகி டயான் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல்மட்ட ஆய்வாளர். மாலத்தீவில் தான் அளந்த இடத்தில் கடல் உயரவில்லை என்பது அவள் வாதம். துறைத்தலைவருக்கோ ஆய்வு நிதி போய்விடுமே என்ற பயம். நகைச்சுவை நன்றாக இருக்கும், அறிவியல் வளைந்திருக்கும். இருந்தும் படிக்கச் சொல்வேன். சந்தேகப்படுகிற ஆளை மேடையில் நிறுத்தியதும் காட்சிக்கு எப்படி உயிர் வந்துவிடுகிறது என்று அதில் தெரியும். எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

இவை அனைத்துக்கும் தாத்தா, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'மக்கள் விரோதி', 1882. ஊருக்கு வருமானம் தரும் நீராடு நிலையத்தின் தண்ணீரில் நோய்க்கிருமி இருப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். மேயர் அவருடைய சொந்த அண்ணன். குழாயை மாற்றிப் போட இரண்டு ஆண்டு, பெருந்தொகை. ஊர் அவர்மீது கல்லெறிகிறது. காலநிலை நாடகம் எழுதுகிற எல்லாரும் ஸ்டாக்மனைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று ஊகிக்கிறேன். ஆனால் பெரும்பாலோர் அண்ணனை மட்டும் பார்க்கிறார்கள். மாமனாரை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கெடுப்பதில் முதன்மையானது டாக்டரின் மனைவியை வளர்த்த தந்தையின் தோல் பதனிடும் ஆலை. அந்தக் கிழவர் கடைசியில், மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய பணத்தையெல்லாம் போட்டு நீராடு நிலையத்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இனி உண்மையைச் சொன்னால் உன் பிள்ளைகளின் சொத்து போகும், சொல். காலநிலை நாடகத்தின் கரு இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. விஷம் வரும் வீடும் சீதனம் வந்த வீடும் ஒன்று.

இந்தப் பழைய நாடகத்துக்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2024 மார்ச்சில் நியூயார்க்கில் ஜெரமி ஸ்ட்ராங் டாக்டராக நடித்துக்கொண்டிருந்தார். ஊர்க்கூட்டக் காட்சி. பார்வையாளர் நடுவிலிருந்து காலநிலைப் போராட்டக்காரர்கள் எழுந்து, செத்த பூமியில் நாடகம் ஏது என்று கத்தினார்கள். அரங்கில் பலர் அதுவும் நாடகத்தின் பகுதி என்றே நினைத்தார்கள். நடிகர்களும் பாத்திரத்தை விட்டு இறங்காமலே பதில் பேசினார்கள். 142 ஆண்டுப் பழைய காட்சியில் புது வசனம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது உங்கள் பிரதி. உங்கள் கேள்வியில் விஞ்ஞானிக்கு வீடு இருப்பதாகவே தெரியவில்லை. அவர் எந்த ஊர்க்காரர், சம்பளம் எங்கிருந்து வருகிறது, கடற்கரையில் மனை வாங்கிய மைத்துனர் உண்டா? அதை முதலில் எழுதுங்கள். அவர் தெரிந்துகொண்ட விஷயம் யாருடைய தட்டில் கை வைக்கிறது என்பது முடிவாகிவிட்டால் வசனம் தானாக வரும்.

எண்களை வெட்டுங்கள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதையும் உடம்போடு ஒட்டுங்கள். '2071'-க்கு முன்பே மேக்மில்லன் எழுதிய 'லங்ஸ்' நாடகத்தில் ஓர் ஆணும் பெண்ணும் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையால் 10,000 டன் கரியமில வாயு. ஈபிள் கோபுரத்தின் எடை. நான் ஈபிள் கோபுரத்தைப் பெற்றெடுக்கப் போகிறேன் என்கிறாள் அவள். விளக்கப்படம் வைத்து அரை மணி நேரம் பேசினாலும் இது வராது. அதே நாடகத்தை கேட்டி மிட்செல் 2013-இல் பெர்லினில் செய்தபோது நடிகர்கள் இருவரும் சைக்கிள் மிதித்துக்கொண்டே பேசினார்கள். மேடைக்கு மின்சாரம் சைக்கிள் மிதிப்பதிலிருந்துதான் வந்தது. மூச்சு வாங்குவதை அவர்கள் நடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

நீண்ட உரை உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடைமறிக்க ஓர் ஆளைப் போடுங்கள். புரியவில்லை என்று சொல்கிற ஆள் வேண்டாம், அது பள்ளிக்கூட உத்தி. புரிந்துகொண்டு, அதனாலேயே கோபப்படுகிற ஆள் வேண்டும்.

கடைசிக் காட்சி வெள்ளம் பற்றி: வேண்டாம். நீலத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுவீர்கள், முன்வரிசைக் குழந்தைகள் சிரிக்கும். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அதன் முன் உங்கள் விஞ்ஞானி. மறுமுனையில் அதிகாரி கேட்கிறார்: "நிச்சயமா சார்? ஆமாமா, இல்லையா?" அவர் வாயைத் திறக்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பதிலுக்கு என்ன விலை என்று காட்டியிருந்தால், அரங்கில் ஒருவராவது அதைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்.